எமலிங்கம் தாண்டியதும் நிற்கிற கார்

எமதர்மராஜன் என்னைக் கூட்டிக்கொண்டு போவதற்காக ஒரு பழைய வெள்ளைக் காரை அனுப்பியிருக்கிறார் என்று நான் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. வீட்டுப் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நம்பினேன். அவள் பதறவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள்: “ஏன், அவரோட எருமைய சர்வீசுக்கு விட்டிருக்காரா?”

இதை எழுதச் சொன்னது எங்கள் மெக்கானிக் சங்கத்து ஆண்டு மலர்க்காரர்கள். இப்போது எல்லாக் கடையிலும் ஸ்கேனர் வந்துவிட்டது. காரில் மாட்டினால் எங்கே கோளாறு என்று அதுவே எழுத்தில் காட்டுகிறது. நல்ல விஷயம். இருபது வருஷம் முன்னாடி வந்திருந்தால் என் கழுத்து பிழைத்திருக்கும். ஆனால் பழைய காரில் அதை மாட்ட இடமே கிடையாது. அதிலும் ஒரு நேரம் நின்று, ஒரு நேரம் ஓடி, மெக்கானிக்கைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாகிவிடுகிற கார் வந்தால் என்ன செய்வது என்று இப்போது கடையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். அதைச் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

என் பெயர் ஏழுமலை. திருவண்ணாமலையில் பாஷா பாய் வைத்திருந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில்தான் முழு சர்வீசும். எட்டாவது பெயிலாகிப் போய்ச் சேர்ந்தேன்; பல்பு மாற்றினேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், ஷாக் அடித்தது, கற்றுக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான். மிச்சக் காலம் முழுக்க டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக் கிடந்ததில் கழுத்தெலும்பு தேய்ந்து, டாக்டர் பட்டை போட்டு, ஐம்பத்தைந்திலேயே வீட்டில் உட்கார வைத்துவிட்டார். இன்றைக்கு தீபம் பார்க்க வேண்டுமென்றால்கூட நான் உடம்பையே மொத்தமாகச் சாய்த்துத்தான் மலையைப் பார்க்கிறேன். பின்னால் ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாஷா பாய்க்கு ஒரு பழக்கம். வண்டி வந்ததும் பானட்டைத் திறக்க மாட்டார். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டீயை டபராவில் ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு, வண்டிக்காரரை விசாரிப்பார். “நின்னுச்சா, நீங்க நிறுத்துனீங்களா? சூடா இருந்ததா? மழையா? எத்தினி பேர் ஏறியிருந்தாங்க? வண்டியில கடைசியா கை வெச்சது யாரு?” பொண்ணு பார்க்க வந்தவர்கூட இவ்வளவு கேட்க மாட்டார். நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு துடிப்பேன். “அடங்கு பா,” என்பார். “உனக்கு அவசரம் ஜாஸ்தி, காது கம்மி. பார்க்காத ஃபால்ட்டத் தொடக் கூடாது. தொட்டா, இருக்கறது ஒண்ணு, நீ பண்ணது ஒண்ணு, ரெண்டாயிடும்.”

அப்படி ஒரு நாள் வந்து நின்றது ராஜேஸ்வரி டீச்சரின் கார். வெள்ளை நிறம். அவருடைய வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வாங்கியது. டீச்சர் எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். என்னுடைய கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் சீக்கிரம் ரிடையராகிவிட்டார் என்று நானே ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். வீடு ரமணாசிரமம் பக்கம். அவருடைய அக்கா அடிஅண்ணாமலையில் தனியாக இருந்தார், நடக்க முடியாதவர். டீச்சர் தினமும் டிபன் கேரியரோடு காரை எடுத்துக்கொண்டு அங்கே போவார். செங்கம் ரோட்டில் நேராகப் போய், மலையைச் சுற்றியிருக்கிற எட்டு லிங்கக் கோயில்களில் ஒன்றான எமலிங்கம் தாண்டி, வலது பக்கம் கிரிவலப் பாதையில் திரும்பிப் போக வேண்டும்.

“அங்கதான் பாய் நிக்குது,” என்றார் டீச்சர். “எமலிங்கம் தாண்டி ரைட் எடுத்தா பொட்டுனு அடங்கிடுது. இறங்கி, கதவ சாத்திட்டு, ஒரு பத்து நிமிஷம் நிழல்ல நிப்பேன். ஏறி சாவி போட்டா ஒண்ணும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. ஒரு நாள் நிக்குது, ரெண்டு நாள் நிக்கறதில்ல.”

“வேற எங்கயும் நின்னதில்லையா?”

“இல்ல. அங்க மட்டுந்தான்.”

“கடைசியா கை வெச்சது யாரு டீச்சரம்மா?”

“யாருமில்ல பாய்.”

பாய் டீயைக் கீழே வைத்தார். டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கெழம ரமேஷு பெங்களூர்லேந்து வரான். கூட ஒரு புரோக்கரையும் கூட்டிட்டு வரான். நடுரோட்டுல நிக்கற வண்டிய இந்த வயசுல எதுக்கும்மா ஓட்டறே, வித்துடலாம்னு சண்ட. இன்னொரு தடவ நின்னா நானே குடுத்துடறேன்னு வாய விட்டுட்டேன். ஆட்டோல போலாமேங்கறான். எங்கக்கா ஒரு இட்லி சாப்பிட ஒரு மணி நேரம் ஆவும் பாய். எந்த ஆட்டோக்காரன் காத்திருப்பான்?”

ரமேஷ் அவருடைய ஒரே மகன். அன்றைக்குக் கிழமை வியாழன்.

இப்போது என் நிலைமையைச் சொல்ல வேண்டும். அந்த வாரம்தான் எனக்கு நெஞ்சில் ஒரு குத்தல். மெடிக்கல் கடைக்காரர் வெறும் கேஸ் டிரபிள் என்றார். நான் அதை நம்பவில்லை, ஏனென்றால் அதில் கௌரவம் இல்லை. அந்த நேரம் பார்த்து எமலிங்கம் தாண்டி நிற்கிற கார் என் கையில் வந்து சேர்கிறது. எமலிங்கத்தைக் கும்பிட்டால் ஆயுள் கூடும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பயம் வந்தவனுக்குத் தெரிந்தது எதுவும் உதவிக்கு வராது.

முதலில் கடையிலேயே பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து ஒயர் ஒயராக அசைத்தேன், தட்டினேன், கெஞ்சினேன். நிற்கவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் துடைத்தேன், பேட்டரி முனையை இறுக்கினேன். நிற்கவில்லை. பிறகு டெஸ்ட் ரவுண்டு. எங்கள் கடையின் டெஸ்ட் ரவுண்டு எல்லாக் கடையையும் போலத்தான்: வாசலிலிருந்து இடது, அடுத்த தெருவில் இடது, மறுபடி இடது, மறுபடி இடது, கடை. வலது எடுத்தால் எதிரே வருகிறவனுக்காக நிற்க வேண்டும், யார் நிற்பது? இந்த ஊரில் பக்திக்கு வலது, டிராஃபிக்குக்கு இடது. சாயங்காலம்வரை பதினைந்து ரவுண்டு அடித்தேன். தெருமுனை டீக்கடைக்காரர், “இன்னாபா, நவக்கிரகம் சுத்தறியா?” என்றார். கார் தேர் மாதிரி ஓடியது.

“பார்க்காத ஃபால்ட்டு,” என்றார் பாய். “அது எங்க நிக்குதோ அங்க போய்ப் பாரு.”

அதைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

பாய் ஒரு வேலை செய்தார். அவரிடம் ஒரு டெஸ்ட் லேம்ப் இருந்தது. பெரிய கருவி ஒன்றுமில்லை, ஒரு பல்பு, இரண்டு ஒயர். இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்கு சாவியிலிருந்து கரண்ட் போகும் அல்லவா, அந்த இடத்தில் ஒரு நீள ஒயரைக் கொக்கி போட்டு, பானட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் இழுத்து, பல்பை உள்ளே கண்ணாடியில் தொங்கவிட்டார். “கரண்ட் போவற வரைக்கும் இது எரியும். வண்டி நிக்கும்போது பல்பும் அணைஞ்சா நம்ம கேஸு, ஒயர்ல கோளாறு. பல்பு எரியும்போதே நின்னா பெட்ரோல் கேஸு, வேற மெக்கானிக்குக்கு அனுப்பிடலாம். ரோட்டப் பாரு, பல்பப் பாரு. வேற எதையும் பாக்காத.”

வெள்ளிக்கிழமை காலையில் நான் மட்டும் போனேன். அக்னிலிங்கம் தாண்டும்வரை பாட்டுப் பாடினேன். ரமணாசிரமம் வந்ததும் பாட்டு நின்றது. எமலிங்கம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். திருப்பத்தில் அப்போது போலீஸ் பேரிகேட் வைத்து வழியைக் குறுக்கியிருந்தார்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால்தான் கார் உள்ளே நுழையும். ஒடித்தேன். பல்பு அணைந்தது. கார் நின்றது.

எலக்ட்ரீஷியனாக இருந்தால் அந்த இடத்தில் சந்தோஷப்பட வேண்டும். ஃபால்ட்டைப் பார்த்தாயிற்று, ஒயர் கோளாறு என்று தெரிந்தாயிற்று. நான் என்ன செய்தேன் என்றால், கண்ணெதிரே விளக்கு அணைந்ததைப் பார்த்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டு இறங்கி ஓடினேன். கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான், ஓடுகிறவனுக்கு நெஞ்சு வலிக்கவில்லையே என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். காருக்குள் பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிற மாதிரி.

கடைக்கு வந்து பாயிடம் சொன்னேன். நான் ஓடினதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவமானம். “எடமா, வண்டியா?” என்றார். “அதக் கண்டுபுடி. அதே எடத்துல எதிர்ப்பக்கத்துலேந்து வந்து பாரு. அப்பவும் நின்னா எடம். நிக்கலன்னா வண்டி.”

எதிர்ப்பக்கம் என்றால், மலையை இடது பக்கம் வைத்துக்கொண்டு சுற்றுவது. பஸ், லாரி, கேஸ் சிலிண்டர் வண்டி எல்லாம் இரண்டு பக்கமும் போகிறது, யாரும் கேட்பதில்லை. ஆனால் எமன் என் மேல் கண் வைத்திருக்கிற வாரத்தில் நான் அண்ணாமலையாரையும் அப்பிரதட்சிணமாகச் சுற்றிப் பகைத்துக்கொள்ள வேண்டுமா? முடியாது என்றேன். பாயும் யோசித்தார். “அதுவும் கரெக்ட்டுதான். ஊரு மொற ஒண்ணு இருக்குது இல்ல. எங்க அத்தா கூட அப்டிச் சுத்த மாட்டாரு.”

அப்போதுதான் எனக்கு அந்த அறிவு பிறந்தது. “பாய், ரிவர்ஸ்ல போனா?”

அடுத்து கடையில் நடந்தது வேலை இல்லை, பட்டிமன்றம். ரிவர்ஸில் போனால் அது வலமா இல்லையா? முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் கணக்கு, மலை எனக்கு வலது கைப் பக்கம்தானே இருக்கும் என்பது என் கட்சி. டயர் எந்தப் பக்கம் உருளுகிறதோ அதுதான் கணக்கு என்றார் பாய். டீக்கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “பின்னாடியே நடந்து கிரிவலம் வந்தா புண்ணியம் கழிஞ்சிடுமா, கூடுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் எமனுக்குப் பயந்தவன் கட்சியே ஜெயித்தது.

மத்தியானம் போனேன். காரைக் கிரிவலப் பாதையில் திருப்பத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, கழுத்தைத் திருப்பி, அண்ணாமலையாரே என்று செங்கம் ரோட்டுக்குள் பின்பக்கமாக நுழைந்தேன். பேரிகேட்டுக்காக ஸ்டியரிங்கை ஒடித்தேன். பல்பு அணைந்தது. கார் நடுரோட்டில் குறுக்கே நின்றது. பெங்களூர் பஸ் ஒன்று என் கதவுக்குப் பக்கத்தில் வந்து மூச்சு விட்டது. டிரைவர் தலையை நீட்டினார்.

“யோவ், சாவுகிராக்கி!”

வேறு நாளாக இருந்தால் அது வெறும் வசவு. அன்றைக்கு எனக்கு அது தகவல். நானும் மரியாதையாக, “ஆமாங்க,” என்றேன்.

நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரங்கட்டினார்கள். சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தபோது, எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். முன்னால் போனாலும் நிற்கிறது, பின்னால் போனாலும் நிற்கிறது, இது வண்டிக் கோளாறே இல்லை, இடம், டீச்சர் பேசாமல் விற்றுவிடலாம், நானும் இரண்டு நாள் லீவு போடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

டீச்சர் என்னையே பார்த்தார். ஏழாம் வகுப்பில் பார்த்த அதே பார்வை.

“முன்னாடி போகும்போது ஸ்டியரிங்க எந்தப் பக்கம்டா ஒடிச்ச?”

“ரைட்டுல டீச்சர்.”

“ரிவர்ஸ்ல வரும்போது?”

காற்றில் கையை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். “ரைட்டுலதான்.”

“அப்போ என்னத்தடா மாத்துன? அதே கணக்க கடைசி வரியிலேந்து எழுதிக் காட்டற. பரீட்சையிலயும் இதத்தான் பண்ண.” பாய் பக்கம் திரும்பினார். “பாய், டவுனுக்குள்ள நான் ரைட்டே எடுக்க மாட்டேன், தெரியுமா? எனக்கு பயம். ரைட்டு போகணும்னா மூணு லெஃப்ட்டு எடுத்துச் சுத்திப் போயிடுவேன். எனக்கு ஒரே ரைட்டு எமலிங்கம் தாண்டி எடுக்கறதுதான்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் எங்கள் டெஸ்ட் ரவுண்டை நினைத்தேன். இடது, இடது, இடது, இடது.

“எதிர்ப்பக்கத்துலேந்து போய்ப் பாத்துடலாம்,” என்றார் டீச்சர். “அப்போ அந்தத் திருப்பம் லெஃப்ட்டா வரும்.”

“டீச்சர், அப்பிரதட்சிணம்...”

“நாம என்ன கிரிவலமா போறோம்? ஒயர் பாக்கப் போறோம். அண்ணாமலையார் கிட்ட நான் சொல்லிக்கறேன். பேரு மட்டும் ஏழுமலை, ஒரு மலையச் சுத்த இவ்ளோ பயம். ஏறுடா.”

சனிக்கிழமை காலையில் டீச்சர் ஓட்டினார். பாய் பின்சீட்டில். நான் முன்சீட்டில், தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் குனிந்துகொண்டு. கிரிவலம் வருகிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு எதிரே வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து என் மாமியார் வீட்டுக்காரர்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஈசான்யலிங்கத்தில் தொடங்கி குபேரலிங்கம், வாயுலிங்கம் என்று தலைகீழாக வந்து அந்தத் திருப்பத்தை அடைந்தோம். டீச்சர் இடது பக்கம் முழுசாக ஒடித்தார். நான் பல்பைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பாய்தான் பின்னாலிருந்து சொன்னார்: “எரியுது பா.”

எமலிங்கத்தைத் தாண்டினோம். எரிந்தது.

“எடம் இல்ல,” என்றார் பாய். “வண்டி.”

அதற்குப் பிறகு கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தேன். டீச்சரால் சீட்டில் உட்கார முடியாது, அங்கே என் கால் இருந்தது. வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் சுற்றினார். முதல் சுற்றில் கை தவறி ஹாரனை அழுத்தினார். எம பேரிகை எப்படி முழங்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. துள்ளி எழுந்ததில் நெற்றியில் ஒரு புடைப்பு வாங்கினேன்.

இரண்டாவது தடவை பார்த்தேன். ஸ்டியரிங் தண்டு சுற்றச் சுற்ற, அதோடு சேர்ந்து ஒரு கறுப்பு ஒயரும் சுற்றிக்கொண்டு போனது. வண்டியோடு வந்த ஒயர் இல்லை. புதுசு, பளபளவென்று இருந்தது. தண்டோடு சேர்த்து டேக் என்கிற பிளாஸ்டிக் பட்டையால் அதை இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் நுனி சாவியிலிருந்து போகிற இக்னிஷன் ஒயரில் முறுக்கி, டேப் சுற்றி ஒட்டியிருந்தது. ஸ்டியரிங் கடைசிவரை போனதும் அது டேப்புக்குள் இருந்த முறுக்கை இழுத்து விலக்கியது. பல்பு அணைந்தது. ஸ்டியரிங்கை நேராக்கினார். பல்பு எரியவில்லை. “கதவ சாத்துங்க,” என்றேன். என் காலை மறந்துவிட்டுச் சாத்தினார். அந்த அதிர்வில் முறுக்கு மறுபடி ஒட்டிப் பல்பு எரிந்தது, நானும் கத்தினேன்.

“டீச்சரம்மா,” என்றார் பாய், “கடைசியா கை வெச்சது யாருனு கேட்டேன். யாருமில்லன்னீங்க.”

டீச்சர் குனிந்து அந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தார். கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சாக்கெட்டில் போய் முடிந்தது. டீச்சர் அந்த சாக்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். “சரி பண்ணிக் குடுங்க பாய்,” என்றார். “யாருங்கறத நாளைக்குச் சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை ரமேஷ் வந்தார், புரோக்கரும் வந்தார். டீச்சர் இருவரையும் காரில் ஏற்றினார். ஏதாவது ஆனால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றினார். மடியில் டிபன் கேரியர் எனக்கு. எமலிங்கம் தாண்டி, பேரிகேட் பக்கம், ஸ்டியரிங்கை வலது பக்கம் கடைசிவரை ஒடித்தார். நான் கேரியரைப் பிடித்த பிடியில் சாம்பார் கொட்டியது. கார் திரும்பியது, போனது. அடிஅண்ணாமலை வரைக்கும் போனது.

“என்ன ஃபால்ட்டும்மா?” என்றார் ரமேஷ். “யாராவது கண்ட மெக்கானிக் கைய வெச்சு ஒயர மாத்திட்டானா?”

“யாரும் கை வெக்கல,” என்றார் டீச்சர். “நீதான்டா வெச்ச.”

“நானா?”

“பாய் கேட்டப்போ எனக்குத் தோணவே இல்ல. நீ என்ன யாரோவா? என் புள்ளதானே.”

புரோக்கர் அடிஅண்ணாமலையில் இறங்கி, டீச்சருடைய அக்கா வீட்டில் ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். கார் விற்கப்படவில்லை.

நடந்தது இதுதான். முன்பு ஒருமுறை லீவில் வந்தபோது ரமேஷ், அம்மாவின் போனில் எப்போது கூப்பிட்டாலும் சார்ஜ் இருப்பதில்லை என்று, ஆன்லைனில் ஒரு சார்ஜர் சாக்கெட் வாங்கி, வீடியோ பார்த்து, அவரே காரில் மாட்டியிருக்கிறார். சாவியிலிருந்து போகிற ஒயரை வெட்டி அதில் முறுக்கிச் சேர்த்து, தொங்கக் கூடாது என்று பக்கத்திலிருந்த கம்பியோடு டேக் போட்டுக் கட்டியிருக்கிறார். அந்தக் கம்பி ஸ்டியரிங் தண்டு.